சோய் டோங் வொன்: 1988ஐ விட்டுவிட்டு எழுத முடியாத வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் தென் கொரியத் தொழில்முறை பேஸ்பாலில் பந்தெறியும் பெரும் பிட்சர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். லோட்டே ஜயன்ட்ஸ் அணியின் சோய் டோங் வொன்னுக்கு அதில் நல்ல இடம் கொடுத்திருந்தீர்கள். ஆனால் 1984ஆம் ஆண்டுச் சாதனையை விரிவாகச் சொன்ன கட்டுரை, அவர் 1990இல் ஓய்வு பெற்றார் என்ற ஒரே வரியோடு மீதிக் கதையை முடித்துவிட்டது. நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர் தமது 32ஆம் வயதிலேயே ஏன் வெளியேறினார் என்று கேட்கும் வாசகருக்கு அதில் விடை கிடைக்கவில்லை. விடையின் பெரும்பகுதி 1988இல் இருக்கிறது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1984ஐப் பற்றித் தாங்கள் எழுதியதில் குறை சொல்ல ஏதுமில்லை. சில விவரங்களை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பருவத்தின் முதல் பாதியை வென்று இறுதித் தொடருக்குத் தகுதி பெற்றிருந்த சாம்சங் லயன்ஸ், இரண்டாம் பாதியை வென்று தன்னோடு மோதப்போகும் அணியாக ஓபி பேர்ஸைவிட லோட்டே எளிய எதிரி என்று கணக்குப் போட்டு, இரண்டாம் பாதியின் கடைசி ஆட்டங்களை லோட்டேயிடம் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது கொரியாவில் ஊரறிந்த செய்தி. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர் சோய். செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 9 வரை பத்தே நாட்களில் நடந்த ஏழு ஆட்டங்களில் ஐந்தில் அவர் களமிறங்கினார். முதல் ஆட்டத்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழுவதும் வீசி வென்றார். மூன்றாவதையும் முழுவதும் வீசி வென்றார். ஐந்தாவதை முழுவதும் வீசித் தோற்றார். ஆறாவதில் இடையில் இறங்கி வென்றார். ஏழாவதில் மறுபடியும் முழு ஆட்டத்தையும் வீசினார். லோட்டே கோப்பையை வெல்லத் தேவைப்பட்ட நான்கு வெற்றிகளும் அவர் பெயரில்தான் பதிவாகின. மொத்தம் 40 இன்னிங்ஸ் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஒன்பது), 610 பந்துகள். முழு ஆட்டம் வீசிய பிட்சருக்கு நான்கைந்து நாள் ஓய்வு கொடுப்பதே வழக்கம் என்பதைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த எண்களின் கனம் புரியும்.

சியோலின் ஜாம்சில் மைதானத்தில் நடந்த அந்த ஏழாவது ஆட்டத்தில் எட்டாம் இன்னிங்ஸ் வரை லோட்டே 3-4 எனப் பின்தங்கியிருந்தது. தொடர் முழுவதும் மட்டை எடுபடாமல் தவித்த லோட்டே வீரர் யூ டூ யோல் அப்போது பந்தை எல்லைக்கு வெளியே அடித்துப் பெற்ற மூன்று ரன் ஹோம் ரன்தான் ஆட்டத்தை 6-4 எனத் திருப்பியது. தொடரின் சிறந்த வீரர் விருதும் யூவுக்கே போயிற்று. பருவத்தின் சிறந்த வீரர் விருதை சோய் பெற்றார். அந்தப் பருவத்தில் அவர் பெற்ற 27 வெற்றிகளைப் போலவே 223 ஸ்ட்ரைக் அவுட்களும் (மட்டையாளரைப் பந்தெறிந்தே வெளியேற்றுவது) பேசப்பட்டன. அந்த ஸ்ட்ரைக் அவுட் சாதனை 2021 வரை யாராலும் முறியடிக்கப்படவில்லை.

அன்றைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்பவர்கள் அவரது எறிதலை மறக்க மாட்டார்கள். தங்க நிறச் சட்டமிட்ட கண்ணாடி. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் காலுறையை இழுத்துவிடுவார், கண்ணாடியைச் சரிசெய்வார், தொப்பியைத் தொடுவார். பிறகு இடது காலை உயரத் தூக்கி உடம்பு முழுவதையும் பந்தின் பின்னால் செலுத்துவார். 1987 மே 16 அன்று பூசானின் சாஜிக் மைதானத்தில் ஹைத்தாய் டைகர்ஸின் பிட்சர் சன் டோங் யோலை எதிர்த்து 15 இன்னிங்ஸ் வீசியபோதும் அந்த ஒழுங்கு மாறவில்லை. சோய் 209 பந்துகள், சன் 232 பந்துகள். ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. அதற்கு முன் நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கொன்று வென்றிருந்ததால், இருவரின் கணக்கும் என்றென்றைக்கும் சமமாகவே நின்றுவிட்டது.

இந்தப் பந்துக் கணக்குகளை நாம் வியந்து பேசுகிறோம், நானும் வியக்கிறேன். ஆனால் 1983 முதல் 1987 வரை ஐந்து பருவங்களிலும் தலா 200 இன்னிங்ஸுக்கு மேல் ஒரே தோளை வேலை வாங்கிய முறையில் வீரருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை சோய் தாமே கேட்டார் என்பதுதான் தங்கள் கட்டுரையில் விடுபட்ட செய்தி.

1982இல் இராணுவ ஆட்சியின் ஆதரவோடு தொடங்கிய அந்த லீக்கில் அணிகள் பெருநிறுவனங்களின் சொத்தாக இருந்தன. ஒரு வீரர் எந்த அணியில் ஆடுவது என்பதை அணிதான் முடிவு செய்யும். பிடிக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடலாம், வேறு அணிக்குப் போக வழியில்லை. 1987 ஜூனில் மக்கள் தெருவில் இறங்கி நேரடி அதிபர் தேர்தலைப் பெற்றார்கள். அதைத் தொடர்ந்து நாடெங்கும் ஆலைகளில் தொழிற்சங்கங்கள் எழுந்தன. மைதானங்களில் மட்டும் எதுவும் மாறவில்லை. 1988 ஆகஸ்டில் ஹைத்தாய் அணியின் இளம் பிட்சர் ஒருவர் சாலை விபத்தில் இறந்தபோது, அவர் குடும்பத்துக்குக் கைகொடுக்க லீக்கில் எந்த ஏற்பாடும் இல்லை. சோயை அசைத்தது இந்த மரணம்; வீரர்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முனைந்தார். உயர்ந்த சம்பளம் வாங்கிய அவருக்குச் சங்கத்தால் தனிப்பட்ட ஆதாயம் ஏதுமில்லை. சொற்பச் சம்பளத்தில் இரண்டாம் நிலை அணிகளில் காத்துக்கிடந்த வீரர்களுக்காகவே அவர் முன்னால் நின்றார். செப்டம்பரில் பல அணிகளின் வீரர்கள் தேஜோன் நகரில் கூடினார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான மூன் ஜே இன், அப்போது பூசானில் வழக்கறிஞராக இருந்தவர், சட்ட ஆலோசனை வழங்கினார். இருவரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

சங்கத்தில் சேருபவர்களோடு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது என்று அணி நிர்வாகங்கள் ஒன்றுசேர்ந்து மிரட்டின. முயற்சி சிதறியது. நவம்பரில் லோட்டே நிர்வாகம், பூசானில் பிறந்து பூசானிலேயே கொண்டாடப்பட்ட சோயை சாம்சங் லயன்ஸுக்கு மாற்றியது. பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர், 1984 இறுதித் தொடரில் எதிரணியில் நின்று பந்து எறிந்த கிம் சி ஜின். அடுத்த மாதமே நடந்த இன்னொரு பரிமாற்றத்தில் சாம்சங்கின் புகழ்பெற்ற மட்டையாளர் ஜாங் ஹ்யோ ஜோ லோட்டேக்கு அனுப்பப்பட்டார். சோய் முதலில் போக மறுத்தார். 1989 பருவம் பாதி ஆன பிறகுதான் புதிய அணியில் இணைந்தார். களைத்த தோளோடும் மனம் ஒட்டாத சீருடையோடும் இரண்டு பருவங்களில் அவர் பெற்ற வெற்றிகள் ஏழு. 103 வெற்றி, 74 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன் 2.46 என்று அவர் கணக்கு முடிந்தது. தோள் தேய்ந்தது ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. தேய்ந்த தோளுக்குத் தன் ஊரில் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையான விடைபெறுதலைப் பறித்தது அந்தப் பரிமாற்றம்தான்.

1991 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராகப் பூசானில் நின்று தோற்றார். பிறகு ஹன்வா ஈகிள்ஸில் பயிற்றுநராகவும் அதன் இரண்டாம் நிலை அணியின் மேலாளராகவும் பணியாற்றினார். லோட்டே அவரைப் பயிற்றுநராக ஒருமுறையும் அழைக்கவில்லை. 2011 செப்டம்பர் 14 அன்று, 53 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார்; அதற்கு ஒரே வாரம் முன்புதான் ஜாங் ஹ்யோ ஜோவும் மறைந்திருந்தார். சோய் அணிந்த 11ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று லோட்டே அறிவித்தது அவர் இறந்த பிறகு. சாஜிக் மைதானத்தின் முன் சிலை எழுந்தது 2013இல். உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டியவை இவை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

வீரர்கள் சங்கம் உருவானது 2000ஆம் ஆண்டில். அதன் முதல் தலைவர் ஹன்வா பிட்சர் சோங் ஜின் வூ. அப்போதும் சங்கத்தில் முன்னின்ற லோட்டே வீரர் மா ஹே யோங், சோயைப் போலவே லோட்டேயிலிருந்து சாம்சங்குக்கு 2001இல் மாற்றப்பட்டார். ஆனால் இம்முறை சங்கம் கலையவில்லை. இன்றும் இயங்கி வருகிறது. சோய் தொடங்கிவைத்த அந்த முயற்சி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எவ்வாறு கைகூடியது என்பதைத் தனிக் கட்டுரையாகத் தங்கள் இதழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.