பறிமுதல் செய்த ஆபத்துச் சரக்கை யார்டில் போட்டு வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது, அடுத்த பதினைந்து நாளில் வான் ஹாய் 503 என்ற இன்னொரு கப்பல் தீப்பிடித்தது, இரண்டையும் வைத்து நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். ஆபத்தான சரக்கைப் பொய் சொல்லி ஏற்றுகிறவர்களுக்கு அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகக் கூட்டட்டும். ஆனால் அந்தச் சரக்கு கரைக்கு வந்து, கஸ்டம்ஸ் பிடித்து, பறிமுதலும் செய்துவிட்ட பிறகு அது எங்கே கிடக்கிறது, எத்தனை வருடம் கிடக்கிறது என்பதைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. சென்னையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறவன் நான், வீடு திருவொற்றியூரில். எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் இதுதான்.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு கிடங்கில் ஆறு வருடமாகப் போட்டு வைத்திருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படுகிற ரசாயனம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வாரமே இங்கே மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில், அதாவது துறைமுகத்திலிருந்து இறக்கிய கன்டெய்னர்களைக் கொண்டுவந்து வைக்கும் யார்டில், 37 கன்டெய்னர்களில் 697 டன் அதே சரக்கு கிடப்பது செய்தியாக வெளிவந்தது. தென் கொரியாவிலிருந்து வந்தது, உரத் தரம் என்று சொல்லி இறக்குமதி செய்யப்பட்டது, 2015-ல் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்தது. அந்த வருட வெள்ளத்தில் ஒரு பகுதி நனைந்து வீணாகியும் போனது. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்குக் குடியிருப்பே இல்லை என்று அப்போது விளக்கம் கொடுத்தார்கள். மணலி பஸ்ஸில் ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து போனவருக்குக்கூட அந்த வட்டாரம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

என் மனதை அறுப்பது அதற்கு அப்புறம் நடந்தது. பெய்ரூட் வெடித்து ஒரு வாரம் முடிவதற்குள் முதல் பத்து கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பிவிட்டன. மின்னணு ஏலம், போலீஸ் பாதுகாப்பு, எல்லாம் மளமளவென்று நடந்தன. நடந்ததற்கு நன்றி. ஆனால் ஒரு வாரத்தில் முடிகிற வேலைக்கு ஐந்து வருடம் ஏன் காத்திருந்தோம், யார் கையெழுத்துக்காகக் காத்திருந்தோம் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். இறக்கிய சரக்கை முப்பது நாளில் எடுக்காவிட்டால் ஏலம் விடலாம் என்கிறது. ஆபத்தான சரக்கு என்றால் முப்பது நாள்கூடப் பார்க்க வேண்டாம், அதிகாரியின் அனுமதியோடு எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. சரி, அது யாரும் எடுக்க வராத சரக்குக்கு, வழக்கில் மாட்டியதற்கு என்ன வழி என்பீர்கள். அதற்கு 110-வது பிரிவில் 1ஏ என்ற உட்பிரிவு. அழுகும் சரக்கு, ஆபத்தான சரக்கு போன்றவற்றை மத்திய அரசு அறிவிக்கையில் சேர்த்துவிட்டால், பறிமுதல் ஆன கையோடு அப்புறப்படுத்தலாம். அதிகாரி பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, மாதிரி எடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் சான்று வாங்கினால் போதும். அந்தப் பட்டியலும் போட்டோவும் மாதிரியும் வழக்குக்கு உதவும். வழக்கு பத்து வருடம் நடக்கட்டும், சரக்கு மணலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஏன் கிடக்கிறது? நான் பார்த்தவரை, எல்லோருக்கும் பயம். குறைந்த விலைக்கு விற்றாய் என்று பின்னால் தணிக்கையில் கேள்வி வருமோ என்று அதிகாரிக்குப் பயம். நாளைக்கே வழக்கில் இறக்குமதியாளர் ஜெயித்து வந்து சரக்கைக் கேட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். வாங்குவதற்கும் ஆள் சுலபமாகக் கிடைக்காது, ஏனென்றால் அம்மோனியம் நைட்ரேட்டை வாங்க, வைக்க, லாரியில் ஏற்ற, எல்லாவற்றுக்கும் 2012 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். இதற்கிடையில் யார்டுக்காரருக்கு வாடகை வராது, கப்பல் கம்பெனிக்குக் கன்டெய்னர் திரும்பாது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் சரக்கின் விலையையே தாண்டிப் போயிருக்கும், அதனால் இறக்குமதியாளரும் கைகழுவிவிடுவார். பெய்ரூட்டிலும் கஸ்டம்ஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை, இதை அப்புறப்படுத்த வழி சொல்லுங்கள் என்று நீதிமன்றத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். ஃபைல் மட்டும்தான் நகர்ந்தது.

2021-ல் அம்மோனியம் நைட்ரேட் விதிகளைத் திருத்தினார்கள். துறைமுகத்தில் தேக்கி வைக்கக் கூடாது, துறைமுக எல்லைக்கு 500 மீட்டருக்கு அப்பால் உள்ள கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும், பறிமுதல் ஆனதை ஏலத்தில் விடலாம் என்றெல்லாம் சேர்த்தார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அது ஒரே ஒரு ரசாயனத்துக்கு. கடல்வழி ஆபத்துச் சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பில் வெடிபொருளில் ஆரம்பித்து லித்தியம் பேட்டரி வரை ஒன்பது வகுப்புகள் இருக்கின்றன, அமிலம், பூச்சிமருந்து, பெயின்ட் எல்லாம் அதில் அடக்கம். அவற்றில் ஒன்று யார்டில் மாட்டிக்கொண்டால் எத்தனை நாள் கெடு?

சரக்கு உள்ளே வரும்போதே ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கஸ்டம்ஸ் பார்ப்பது எச்எஸ் கோடு, அது வரி போடுவதற்கான எண். கப்பல்காரர் பார்ப்பது யுஎன் எண், அது ஆபத்தைச் சொல்லும் எண். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு எச்எஸ் கோடு 3102 30 00, அவ்வளவுதான். யுஎன் எண்ணில்தான் வித்தியாசம் வரும்: சாதாரண அம்மோனியம் நைட்ரேட் 1942, அதை வைத்துச் செய்த உரம் 2067. இறக்குமதியாளர் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் எச்எஸ் கோடு மட்டும் பார்க்கிறவருக்கு எது எது என்று பிரிக்க வழியே கிடையாது. கப்பல் வரும் முன் தாக்கல் செய்யும் சரக்குப் பட்டியலான ஐஜிஎம்மில் யுஎன் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு, ஆபத்தில்லாத சரக்கு என்றால் அதில் வரிசையாக ஐந்து இசட் அடிப்பது வழக்கம். அந்த ஐந்து இசட்டை அடிப்பவர் சரக்கைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஏற்றியவர் கொடுத்த காகிதத்தில் ஒன்றும் இல்லை என்றால் இசட்தான். ஆபத்துச் சரக்கு என்று ஒத்துக்கொண்டால் கப்பல் கூலி கூடும், சில கப்பல் கம்பெனிகள் ஏற்றவே மாட்டார்கள், அதனால் உண்மையை மறைப்பதில் லாபம் இருக்கிறது. 2025 தீபாவளிக்கு முன் தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வுத் துறையான டிஆர்ஐ பிடித்ததைப் பாருங்கள். இரண்டு நாற்பதடி கன்டெய்னர், முன்வரிசையில் சிலிகான் சீலன்ட் கன், பின்னால் சீனப் பட்டாசு, ஐந்து கோடி ரூபாய்க்கு. வெளிநாட்டுப் பட்டாசு இறக்க டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதியும் வெடிபொருள் துறை லைசென்ஸும் வேண்டும். சிவகாசிக்காரர் ஒவ்வொரு பெட்டிக்கும் விதியைக் கட்டி அழுது தொழில் செய்யும் ஊர் பக்கத்தில் இப்படி.

ஸ்டிக்கர் விஷயமும் அப்படித்தான். கன்டெய்னரின் நான்கு பக்கமும் சாய்சதுர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. யார்டுக்குள் போய்ப் பாருங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்து, பாதி கிழிந்து, வட்டத்தின் மேல் எரியும் தீயும் கீழே 5.1 என்ற ஆபத்து வகுப்பு எண்ணும் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும். பக்கத்திலேயே காலிக் கன்டெய்னரில் போன தடவை ஏற்றியதன் ஸ்டிக்கர் உரிக்காமல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி தீப்பிடித்தால் வந்து நிற்கும் தீயணைப்பு வீரர் எதை நம்பித் தண்ணீர் அடிப்பார்? எல்சா 3-ல் 12 கன்டெய்னரில் இருந்தது கால்சியம் கார்பைடு, நம் மாம்பழ மண்டிகளில் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிற அதே கல். அதன்மேல் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும், தீ இன்னும் பெரிதாகும். கப்பலில் என்னென்ன இருந்தது என்ற முழுப் பட்டியலே மூழ்கிப் பல நாள் கழித்துத்தான் மக்கள் கைக்கு வந்தது. (கன்னியாகுமரிக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள் ஆபத்துச் சரக்குப் பட்டியலிலேயே இல்லை என்பது தனிக்கதை.)

இலங்கையில் 2021-ல் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலக் கன்டெய்னர் ஒழுகுவது முன்பே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகம் இறக்க மறுத்தது, நம் குஜராத்தின் ஹசீராவும் மறுத்தது. மறுக்க அவர்களுக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சரக்கு கடைசியில் போய்ச் சேர்ந்தது நீர்கொழும்பு மீனவர்களின் கடலில். பறிமுதல் செய்த சரக்கிலும் இதே மனப்பான்மையைத்தான் பார்க்கிறேன், என் மேஜையில் இல்லை என்றால் போதும்.

நான் கேட்பது மூன்றே. பறிமுதல் ஆன ஆபத்துச் சரக்கு எதுவாக இருந்தாலும் தொண்ணூறு நாளில் அப்புறப்படுத்தியாக வேண்டும், முடியாவிட்டால் கமிஷனரே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், நல்லெண்ணத்தில் விற்ற அதிகாரியைத் தணிக்கையில் துரத்தக் கூடாது. யுஎன் எண் ஐஜிஎம்மோடு நின்றுவிடாமல் சிஎஃப்எஸ் கேட் வரை வர வேண்டும். அந்தந்த யார்டில் இன்று என்ன கிடக்கிறது என்பது அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் கம்ப்யூட்டரில் தினமும் தெரிய வேண்டும்.

உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெய்ரூட் வெடித்த இரண்டாம் நாளே, 48 மணி நேரத்தில் கிடங்குகளைச் சரிபார்க்கச் சொல்லி மத்திய சுங்க வாரியம் நாடு முழுக்க உத்தரவு போட்டது. அந்தச் சரிபார்ப்பில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி வட்டாரங்களில் என்னென்ன கண்டுபிடித்தார்கள், அதில் எது இன்னும் கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் நிருபர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். வருகிற பதிலை அப்படியே போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை