மாப்ள, அட்வான்ஸ் கொடுத்துத் தொலைத்துவிடாதே

மாப்ள,

லாரி வாங்கி இங்கே வந்து ஓட்டப் போகிறேன் என்ற உன் மெசேஜ் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டுவதென்றால் திட்டிக்கொள். இங்கே கலிஃபோர்னியா ஃபிரெஸ்னோவில் எல்லோரும் நலம், பெரியவள் கார் ஓட்டப் பழகுகிறேன் என்று என் உயிரை எடுக்கிறாள். அதை விடு.

நீ அனுப்பிய லாரிப் படத்தை நேற்று ராத்திரிதான் பெரிதாக்கிப் பார்த்தேன். 2010 மாடல், சல்லிசு விலை, டெக்சாஸ்காரன் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறான். வாங்கிவிடாதே! கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து, மொத்த எடை 14,000 பவுண்டுக்கு மேல் போகிற டீசல் லாரி என்றால் 2010 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின் வேண்டும். வண்டி இல்லடா, இன்ஜின். கதவில் 2010 என்று இருக்கிற வண்டிக்குள் பெரும்பாலும் 2009 இன்ஜின்தான் உட்கார்ந்திருக்கும். டெக்சாஸ் நம்பர் பிளேட்டோடு ஓட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, வெளி மாநில வண்டி இங்கே ஓடினாலும் அதே சட்டம்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில் மீனாவிடம்கூடப் பாதிதான் சொன்னேன். விற்றவன் போன பிறகு இன்ஜின் லேபிளின் மேல் அப்பியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டினேன், 2009 என்று பல்லை இளித்தது. ரிஜிஸ்ட்ரேஷன் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கொல்லையில் நின்றது, நம் பழைய ஜாவா பைக் மாதிரியே. சிரிக்காதே.

சரி, நல்ல இன்ஜினே கிடைத்தது என்று வை. இன்ஷூரன்ஸ் ஏழரை லட்சம் டாலருக்கு இருந்தால் போதும் என்கிறது மத்தியச் சட்டம், ஆனால் லோடு தருகிற புரோக்கர்கள் பத்து லட்சமும், சரக்குக்குத் தனியாக ஒரு லட்சமும் கேட்பார்கள். புது லாரிக் கம்பெனி என்றால் சில மாதம் போகட்டும் என்று போனை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவரைக்கும் லாரித் தவணையை யார் கட்டுவது? கோடையில் சலினாஸ் பக்கம் லெட்டூஸ் கீரை ஏற்ற ரீஃபருக்கு, அதாவது குளிர்பெட்டி லாரிக்கு, அடிதடி நடக்கும், அதைக் கேட்டுத்தான் நீ மயங்கியிருக்கிறாய். நவம்பரில் அறுவடை அரிசோனா யூமாவுக்குப் போய்விடும், லோடும் கூடவே கிளம்பிவிடும்.

வராதே என்று சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கும் தமிழில் சண்டை போட ஆள் கிடைக்கும். முதலில் அவனை பானெட்டைத் தூக்கி லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல், துடைத்துவிட்டு எடுக்கச் சொல். எனக்கும் அனுப்பு.

அப்புறம், என் லாரிக் கதை சுந்தரி அக்கா காதுக்குப் போக வேண்டாம்.

உன்
குண்டன்