செயலாளரின் ஆண்டறிக்கை: கடைசிக் கால ஏற்பாடுகள் பற்றி இந்த ஆண்டு செய்தவை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். உறுப்பினர்கள் தங்கள் கடைசிக் காலச் சிகிச்சை, இறுதிச் சடங்கு, அதற்குப் பிந்திய காகித வேலைகள் ஆகியவற்றை முன்கூட்டியே பேசி எழுதி வைக்கச் சங்கம் உதவ வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். "நல்லா இருக்கிறப்போ எதுக்கு இந்த அபசகுனப் பேச்சு?" என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நன்றாக இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். தொண்டையில் குழாய் போட்ட பிறகு நோயாளியிடம் கேட்க வழியில்லை. அப்போது மருத்துவர் பிள்ளைகளைத்தான் பார்ப்பார், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இந்த ஆண்டு வேலை முழுவதும் அந்த நிலையைத் தவிர்ப்பதற்காகத்தான் நடந்தது.

முன்கூட்டிய மருத்துவ விருப்பம்

பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பதுதான் இது. முதல் கூட்டத்தை இதற்கு ஒதுக்கினோம். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. லூயிஸ் குட்னர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1969இலேயே இதைப் பற்றி எழுதினார். 1976இல் கலிபோர்னியா மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் இதை ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. படிவமும் சாட்சி விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். கேள்விகள் மட்டும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா? குழாய் வழி உணவு வேண்டுமா? டயாலிசிஸைத் தொடரலாமா? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா?

நெஞ்சை அழுத்துவது பற்றித்தான் அதிகச் சந்தேகங்கள் வந்தன. நம்மில் பலர் அதைத் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறோம். 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில், திரையில் அப்படி மீட்கப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் உடனே பிழைத்துக்கொண்டார்கள். நிஜத்தில், அதுவும் முற்றிய நோயும் தளர்ந்த உடம்பும் உள்ளவர்களுக்கு, அந்த வாய்ப்பு மிகக் குறைவு. விலா எலும்பு முறிவதும் சகஜம். இளம் வயதில் திடீரென மயங்கி விழுந்தவருக்கு அதே சிகிச்சை உயிரைக் காக்கும். அதனால் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதாமல், எந்த நிலையில் வேண்டும், எந்த நிலையில் வேண்டாம் என்று எழுதச் சொன்னோம்.

அந்தக் கூட்டத்தில் செய்த ஒரு பயிற்சியை இங்கே பதிவு செய்ய வேண்டும். கணவன் மனைவியாக வந்திருந்தவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, தன் விருப்பத்தை ஒரு தாளிலும் துணையின் விருப்பம் என்று தான் நினைப்பதை இன்னொரு தாளிலும் எழுதச் சொன்னோம். வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதி தாள்களை மாற்றிக்கொண்டார்கள். 'என் மனைவி வீட்டில்தான் கண்மூட விரும்புவாள்' என்று அண்ணன் எழுதியிருந்தார். 'ஆஸ்பத்திரியில். வீட்டில் இவரால் தனியே சமாளிக்க முடியாது' என்று அக்கா எழுதியிருந்தார். "இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார் அவர். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார் அக்கா. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவர்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். படிவத்தை நிரப்புவதைவிட இந்தப் பேச்சுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, நமக்காகப் பேசப்போகிறவர் யார் என்ற கேள்வி. மூத்த பிள்ளை என்பதற்காக மூத்த பிள்ளையைப் போட வேண்டியதில்லை. நம் விருப்பம் அவருடைய விருப்பத்துக்கு எதிராக இருந்தாலும் அதை அப்படியே சொல்லக்கூடியவர், உறவினர் கூட்டத்தின் நடுவே நின்று தாங்கக்கூடியவர் வேண்டும். அது தம்பி மனைவியாக இருக்கலாம், நண்பராகவும் இருக்கலாம். எட்ட இருக்கும் பிள்ளைகளிடமும் போனில் இதைச் சொல்லிவிடுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, கடைசி நாளில் விமானத்தில் வந்து இறங்குகிறவர்தான் "எதையும் விடாதீங்க டாக்டர், எல்லாம் பண்ணுங்க" என்பார். குற்ற உணர்ச்சியும் பாசமும் சேர்ந்து அப்படிப் பேச வைக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பே சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

இந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததையும், அவர்கள் அனுமதியுடன், சொல்கிறேன். அப்பா முறையாகக் கையெழுத்துப் போட்டு, சாட்சிகளும் வைத்து, படிவத்தை வங்கி லாக்கரில் பூட்டிவிட்டார். நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்தபோது பணியில் இருந்த மருத்துவர் எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லாமல் முடிவெடுக்க மறுத்தார். மறுநாள் வங்கி திறப்பதற்குள் அவருக்கு வென்டிலேட்டர் பொருத்தியாயிற்று. ஆகவே மூலப் பிரதி வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு நகல் வழக்கமான மருத்துவரின் கோப்பிலும், ஒன்று பேச நியமித்தவரிடமும், புகைப்படம் அவர் போனிலும் இருக்கட்டும்.

வலி தணிப்புச் சிகிச்சை

இரண்டாவது கூட்டத்தை நடத்தித் தந்தவர் வலி தணிப்புச் சிகிச்சையில், அதாவது கடும் நோயில் வலியையும் தவிப்பையும் குறைக்கும் சிகிச்சையில், பழகிய ஒரு செவிலியர். 'கைவிட்டுவிட்டார்கள், அதனால்தான் அங்கே அனுப்புகிறார்கள்' என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். அவர், உடல் வலி, மனக் கவலை, குடும்பப் பாரம், ஆன்மிகத் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்றார். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நடுமட்டமாக 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்கள். ஆரம்பத்திலேயே இதையும் சேர்த்துப் பெற்றவர்களின் மனநிலையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. உலகில் இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்டு வாங்க வேண்டிய சிகிச்சை இது.

கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காதது பற்றி அந்தச் செவிலியர் சொன்னதைப் பலர் எழுதிக்கொண்டார்கள். சாப்பிடாததால் அவர் போகவில்லை, போகும் நேரம் வந்ததால்தான் பசி நிற்கிறது. அந்த நேரத்தில் வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். உதட்டையும் வாயையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அது போதும். மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். பார்க்கிறவருக்குப் பதறினாலும், படுத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை என்றார்.

முதல் சில மணி நேரம்

எதிர்பார்த்த மரணம் வீட்டில் நேர்ந்தால் அதைச் சான்றளிக்கப்போகும் மருத்துவர் யார் என்று முன்பே பேசி வையுங்கள். அந்தச் சான்று இல்லாமல் தகனமோ அடக்கமோ நகராது, இறப்புப் பதிவும் நடக்காது. விபத்து, சந்தேக மரணம் என்றால் வழியே வேறு. காவல் துறைக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை எதையும் தொடக்கூடாது.

கண் தானம் செய்ய நினைப்பவர் வீட்டில், கண் வங்கியின் எண் எல்லார் போனிலும் இருக்கட்டும். பொதுவாக 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பார்கள். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி போட்டவரும் கண்புரை அறுவை செய்தவரும் தானம் தரலாம். உடல் தானம் அவ்வளவு உறுதியல்ல. பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ சில தொற்று நோய்கள் இருந்தாலோ மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. உடல் தானம் எழுதி வைத்தவர் மாற்று ஏற்பாட்டையும் எழுதட்டும்.

இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் கவனிக்க வேண்டும். தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கலாம், உலை சேதமாகலாம், அங்கே வேலை செய்கிறவருக்கு அடிபடலாம். அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவி என்றால், கடைசி நாட்கள் நெருங்கும்போதே அதன் அதிர்ச்சி வேலையை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பேசாவிட்டால், போகிற உயிரை அது மறுபடி மறுபடி உலுக்கிக்கொண்டிருக்கலாம்.

இறுதிச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை உயிலில் மட்டும் எழுதாதீர்கள். உயிலைப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்துப் படிப்பார்கள். எரிப்பதா புதைப்பதா, சடங்கு வேண்டுமா வேண்டாமா, யார் முன்னின்று செய்ய வேண்டும், யாருக்கெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும், செலவு எதிலிருந்து என்பதைத் தனியே ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'ஆடம்பரம் வேண்டாம்' என்று அம்மா கைப்பட எழுதிய ஒரு வரி இருந்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளைகள் கடன் வாங்கிச் செய்ய மாட்டார்கள்.

காகிதமும் போனும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சங்கத்தின் கையேட்டில் விரிவாக இருக்கிறது. வாழும்போது கொடுத்த பவர் பத்திரம் மரணத்தோடு முடிந்துவிடும், அதை வைத்து அதற்குப் பிறகு பணம் எடுக்கக்கூடாது. உயிலில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். இறந்தவரின் சிம் கார்டை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், வங்கியும் காப்பீடும் அனுப்பும் ஓடிபி குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். கூகுள் 2013இலும், ஃபேஸ்புக் 2015இலும், ஆப்பிள் 2021இலும் நமக்குப் பின் கணக்கைப் பார்ப்பவரை நாமே குறிக்கும் வசதியைக் கொண்டுவந்தன. அப்புறம், பேரப் பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்தால் சீக்கிரம் முடிகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், இரவு என்றும் பாராமல் உறுப்பினர் வீடுகளுக்கு வந்து நின்ற இளைஞர் அணித் தம்பி தங்கைகளுக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஆண்டு நம்மைப் பிரிந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறேன். ஒன்று, நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் உறுப்பினர்களிடம் சங்கத்திலிருந்து ஒரு குழு நேரில் போய்ப் படிவம் நிரப்ப உதவுவது. இன்னொன்று, தனியாக வாழும் உறுப்பினர் விரும்பினால், அவருக்காகப் பேசவும் இறுதிக் காரியத்தை முன்னின்று நடத்தவும் சங்கத்திலிருந்து ஒருவரை அவரே தேர்ந்தெடுத்து எழுதிக்கொடுக்கும் முறை. இரண்டாவதற்குச் சட்ட ஆலோசனை தேவைப்படும், அந்தச் செலவுக்கும் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். இரண்டையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்