பதிவு எண் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

தனியார் பள்ளிகளைப் பதிவு செய்யச் சொன்னாலே, பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்று சிலர் கொதிக்கிறார்கள். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு அந்த உரிமையை ஏற்கத்தான் செய்கிறது. ஆனால், அப்பள்ளிகள் அரசு வகுக்கும் குறைந்தபட்சத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வசதிதான்!

சரி, பதிவு ஆயிற்று. அப்புறம்? அனுமதி வாங்கிய பின் மேலே ஒரு மாடி எழும்பும், மாணவர் எண்ணிக்கை கூடும், தகுதியுள்ள ஆசிரியர்கள் விலகிப் போவார்கள். கோப்பில் இருப்பதோ முதல் நாள் பார்த்த கட்டடமும் அன்றைய பட்டியலும்தான். இங்கிலாந்தில் பதிவில்லாமல் தனியார் பள்ளி நடத்துவது குற்றம். பதிவான பள்ளியிலும் ஆய்வு தொடரும். அறிக்கையை யாரும் படிக்கலாம். மற்ற நாடுகளிலும் ஆய்வறிக்கையைப் பெற்றோர் கண்ணில் படும்படி வெளியிட்டால் என்ன?

இன்னொன்று. அங்கீகாரம் ரத்தாகும் பள்ளியின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வியாண்டிலேயே வேறு பள்ளியில் இடம் தருவதும், மாற்றுச் சான்றிதழ் கிடைக்கச் செய்வதும், ரத்து செய்த அதிகாரியின் பொறுப்பாகவே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்