ஓவிய வகுப்புக்கு அளவுகோலும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் ஓவியத்தைப் பிற பாடங்களோடு இணைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பதோ, அறிவியல் பாடத்துப் படத்தை நகலெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதுதான். வண்ணம் தீட்டாவிட்டாலும் பாடம் குறையாது என்றால் அது வெறும் அலங்காரம். கையால் செய்தால்தான் விளங்கும் என்கிற வேலைகள் ஆண்டுக்கு ஏழெட்டு இருந்தால் போதும். அவற்றைக் காயும் நேரத்தைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும்.

முதலில் காகிதம். ஏ4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து விரித்து, குறுகிய ஓரங்கள் சேரும்படி பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்டினால் எட்டுப் பக்கக் கதைப் புத்தகம் தயார். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் புத்தகமாக மடியாது. அரை, கால், அரைக்கால் எல்லாம் அந்த மடிப்பிலேயே வந்துவிடும்.

அடுத்து வண்ணக் கலவை. மஞ்சள் பத்துச் சொட்டு, நீலம் ஒரு சொட்டு என்று தொடங்கி நீலத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு பச்சைக்கும் பக்கத்தில் விகிதத்தை எழுதச் சொல்லலாம். நீலத்தில் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால் மஞ்சள்தான் காலியாகும்.

கறுப்பு ஸ்கெட்ச் பேனா மையில் கலந்திருக்கும் நிறங்களைப் பிரிக்க, வடிதாள் பட்டையின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே கோடு போட்டு, 1 செ.மீ. ஆழத் தண்ணீரில் நிறுத்த வேண்டும். கோடு தண்ணீரில் மூழ்கினால் மை குவளைக்குள் கரைந்துவிடும். அழியாத மை மார்க்கர் இதற்கு உதவாது. அது தண்ணீரில் கரையாது. பிள்ளைகள் பட்டையில் பெயரைப் பென்சிலால் எழுதட்டும்.

ஆண்டின் நடுவில், பலூன் மேல் காகிதம் ஒட்டிச் செய்யும் உலக உருண்டை. பலூனை முழுக்க ஊதினால் பேரிக்காய் வடிவம் வரும். சுற்றளவு நூலால் அளந்து 71 செ.மீ. வந்ததும் நிறுத்திவிடலாம், காகிதம் ஒட்டிய பின் ஏறக்குறைய 72 ஆகும். அந்த 72-ல்தான் வசதியே இருக்கிறது. நிலநடுக்கோட்டில் 1 செ.மீ. என்றால் 5 பாகை, 3 செ.மீ. என்றால் ஒரு மணி நேர வித்தியாசம். 6 செ.மீ.க்கு ஒன்றாகப் பன்னிரண்டு தீர்க்கக் கோடுகள் போட்டுக் கண்டங்களைக் கட்டம் கட்டமாகப் பார்த்து வரையலாம். தட்டையான வரைபடத்தை அப்படியே ஒட்டினால் சுருங்கும்; ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கொதிக்கக் காய்ச்சியது. மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும்: செய்தித்தாள், வெள்ளைத்தாள், மறுபடி செய்தித்தாள். அப்போதுதான் எந்த இடம் விட்டுப்போயிற்று என்று தெரியும். ஒரே நாளில் மூன்றையும் ஒட்டினால் உள்ளடுக்கு காயாமல் பூஞ்சணம் பிடித்து நாறும். வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஈரக் காகிதத்தைக் கிழிக்கும். நிழலில் கட்டித் தொங்கவிடுவதே சரி.

கடைசியில் சூரியக் குடும்பம். பூமியின் விட்டம் 1 செ.மீ. என்றால் வியாழன் 11, சூரியன் 109 செ.மீ. அதே அளவில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 117 மீட்டர்! ஒரே சுவரில் இரண்டும் அடங்காது. சூரியனைச் சுவரில் வரைந்துவிட்டு, பூமியை மைதானத்தின் கோடியில் வைக்க வேண்டியதுதான்.

இவற்றுக்கெல்லாம் ஒற்றைப் பாடவேளை போதாது. பசையைக் கழுவித் துடைக்கவே பத்து நிமிடம் போய்விடும். வாரம் இரண்டு தனித்தனி வகுப்புகளாகக் கொடுப்பதை, அடுத்தடுத்து இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கப் பள்ளிகள் முன்வர வேண்டும். கூடுதல் நேரம் யாரும் கேட்கவில்லை.

– ஓர் ஓவிய ஆசிரியர்