ஜன்னல் ஸ்கிரீனும் ‘தீப்பிடிக்காத’ ஸ்பிரேயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உறைபனி மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி விடுதிகளில் ரூம் ஹீட்டர் எப்படியோ ஜன்னலோரம் போய்விடும். ஸ்கிரீன் அதன்மேல் உரசும். தீத்தடுப்பு ஸ்பிரே அடித்தாயிற்றே என்பார்கள். துணி பருத்தி என்றால் சரி. பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்று கலந்த பாலிகாட்டன் என்றால் அந்த நிம்மதி வேண்டாம்.

தனி பாலியஸ்டர் 255 டிகிரி வாக்கில் உருகிச் சொட்டும்; பல நேரம் தீயும் அதோடு கீழே விழுந்துவிடும். பருத்தி உருகாது, கருகி நிற்கும். இரண்டும் கலந்தால் கருகிய பருத்தி நூல் திரி, உருகிய பாலியஸ்டர் எண்ணெய். அகல் விளக்கேதான்.

தீத்தடுப்பு ஸ்பிரேக்கு வெங்காரம் (போராக்ஸ்) 7 பங்கு, போரிக் ஆசிட் 3 பங்கு என்பது பழைய கணக்கு. 10 லிட்டர் வெந்நீருக்கு 700 கிராம், 300 கிராம். பருத்திக்கு நன்றாகக் கேட்கும், பாலியஸ்டருக்கு அவ்வளவாகக் கேட்காது. ஒரே சலவையில் போய்விடும். அம்மோனியம் பாஸ்பேட் ஸ்பிரேயானால் நம் மலையில் வேறு தொல்லை. அந்த ரசாயன உப்பு, மூடுபனியின் ஈரத்தை இழுத்து ஸ்கிரீன் பிசுபிசுக்கும். வெயில் வந்தால் மடிப்போரம் வெள்ளையாகப் பூக்கும், கொக்கி துருவேறும். தூசி என்று தட்டிவிடுவது மருந்தைத்தான்.

கலப்புத் துணிக்குப் பின்பக்கப் பூச்சே நம்பகமானது. தண்ணீரில் எளிதில் கரையாத அம்மோனியம் பாலிபாஸ்பேட்டை அக்ரிலிக் பைண்டரில் (ஒட்டுப்பசை) குழைத்து, கத்தியால் இழுத்துப் பூசி, 150 டிகிரி வாக்கில் சில நிமிடம் சூடேற்ற வேண்டும். காய்ந்த பூச்சு துணி எடையில் கால் பங்காவது இருக்கட்டும். சூடு போதாவிட்டால் சலவையில் உரிந்து வரும். புரோமின் பூச்சு என்றால் எந்த ரசாயனம் என்று கேளுங்கள். டெகா புரோமோ டைபினைல் ஈதர் என்ற புரோமின் ரசாயனம், எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் 2017இலேயே சேர்ந்துவிட்டது. சலவைக்காரரிடம் சிலிக்கான் சாஃப்ட்னர் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், அது தீக்குத் துணைபோகும்.

கரூரிலோ ஈரோட்டிலோ மொத்தமாக வாங்கும் முன் ஒரு முழத் துண்டு கேட்டு வாங்கி, ஐந்து முறை துவைத்துக் காயவைத்து, வெட்டவெளியில் வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் கீழ் விளிம்பில் 12 விநாடி லைட்டர் காட்டுங்கள். தீயை எடுத்ததும் அணைந்தால் வாங்கலாம். மேலே ஏறினால் திருப்பி அனுப்புங்கள்.

விடுதிகளை ஆய்வு செய்யும் அதிகாரிகளும் ஸ்பிரே பில்லை மட்டும் பார்க்காமல், துவைத்த ஸ்கிரீனில் ஒரு துண்டு வெட்டி இப்படிச் சோதிக்கலாமே.

– ஒரு வாசகர், குன்னூர்