பார்க்காத நூல் உசாத்துணையில் வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகளை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்து வருகிறேன். போன மாதம் ஒரு தம்பி தமிழிசை பற்றிய ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். உசாத்துணைப் பட்டியலின் தலையிலேயே சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’, 1947 என்று இருந்தது. காரைதீவில் பிறந்த பெருமகனின் நூலை இந்தக் காலத்துப் பிள்ளை தேடிப் படித்திருக்கிறதே என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

“எந்தப் பதிப்பு மகன் பார்த்தீங்க?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“புத்தகத்தை நான் காணல்ல சேர். விக்கிப்பீடியாவில கீழ இருந்த குறிப்பைத்தான் போட்டன். விக்கி எண்டு எழுதினா புள்ளியை வெட்டுவாங்க.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ‘விக்கியைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு வழி எதையும் நாம் காட்டவில்லையே.

விக்கிப்பீடியாவை யாரும் திருத்தலாம், இன்று இருப்பது நாளை இருக்காது என்பதெல்லாம் உண்மைதான். ஆய்வுக்கு அது இறுதிச் சான்று அல்ல என்று அந்தத் தளமே சொல்கிறது. ஆனால் படித்ததை மறைப்பதால் வரும் கேடு அதைவிடப் பெரியது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆட்வார்க்’ என்றும் பெயருண்டு என விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதிவைத்தார். செய்தித்தாள்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமலே அதை எழுதின. அப்புறம் அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்குச் சான்றாக வந்து உட்கார்ந்தது. பல வருடங்கள் அந்தப் பொய் உலவியது. எடுத்த இடத்தை முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

சரி, விக்கியை எப்படிக் காட்டுவது? கட்டுரையின் பெயர், பார்த்த திகதி, ‘நிலையான தொடுப்பு’ மூன்றையும் எழுதினால் போதும். பின்னர் எத்தனை பேர் திருத்தினாலும், மாணவர் படித்த அதே வடிவம் அந்தத் தொடுப்பில் திறக்கும். கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் எந்த வரி எப்போது சேர்ந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். கலைக்களஞ்சியத்தில் தொடங்கி, அதன் அடிக்குறிப்பு காட்டும் மூலநூலைத் தேடிப் போவதுதான் ஆய்வு. ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ விடுதியில் இருக்கும் பிள்ளை கைப்பேசியிலேயே படிக்கலாம். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

அந்தத் தம்பியிடம் என் வீட்டிலிருந்த யாழ் நூலைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது பட்டியலில் நூல் பக்க எண்ணோடு இருந்தது. விக்கிப்பீடியாவும் திகதியோடு இருந்தது. ஆய்வேட்டில் தான் பிழையாக விளங்கி எழுதிய ஒரு பந்தியையும் அவரே வெட்டியிருந்தார்.

கிழக்கில் உள்ள பல்கலைக்கழகத் துறைகள் இணையக் கலைக்களஞ்சியங்களை எப்படிக் குறிப்பிடுவது என்று தமிழில் ஒரு பக்க வழிகாட்டியாவது எழுதி, முதலாம் ஆண்டிலேயே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். விக்கியைப் படித்ததாக உண்மையைச் சொன்ன பிள்ளைக்குப் புள்ளி வெட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.